தெரிந்த குரல் கேட்டாலும் திறக்காதீர்கள்

இந்த மடலில் இணைப்பு எதுவும் இல்லை, வெறும் எழுத்துதான், ஆகவே பயப்படாமல் கீழே இறங்கி வாசிக்கலாம். இருந்தாலும் அனுப்பியவர் பெயரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பெயர் உங்களுக்குத் தெரிந்த பெயராக இருந்தால் இன்னொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது அத்தனையும் தெரிந்தவர்களால் நடந்ததுதான், முன்பின் தெரியாதவன் எவனும் வந்து எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.

ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், முதுகுக்குப் பின்னால் சாம்பல் குளம், நடுவில் அனல்மின் நிலையத்துக் குடியிருப்பு, இதுதான் எங்கள் இடம். நிலக்கரியை எரித்து மிஞ்சுகிற சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக அந்தக் குளத்துக்குத் தள்ளுவார்கள், சாம்பல் அடியில் தங்கும், தண்ணீர் மேலே நிற்கும், சுற்றிலும் உயரமான மண்கரை, கரையடியில் முதல் வரிசை வீடுகள், அதற்குக் கீழே இரண்டாவது, அதற்கும் கீழே மூன்றாவது. வேலைக்குச் சேர்ந்த அன்றே வீட்டுச் சாவியோடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் கொடுத்து, கொதிகலன் மடற்குழுவில் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். கேஸ்கட் ஏன் ஒழுகுகிறது, எந்த வால்வு மக்கர் செய்கிறது, சாம்பல் பம்ப் அடைத்துக்கொண்டால் எப்படி எடுப்பது என்று மற்ற ஊர் நிலையத்துக்காரர்களும் சேர்ந்து அதில் எழுதுவார்கள், சண்டை போடுவார்கள், பிறகு பண்டிகை வாழ்த்து அனுப்பிச் சமாதானமாகிவிடுவார்கள்.

அந்தக் குழுவை நடத்தியவள் ஜெசிந்தா. கருவிகள் பிரிவில் இன்ஜினியர், கொதிகலன் அழுத்தம் காட்டும் முள்ளிலிருந்து சாம்பல் குளத்து நீர்மட்டம் காட்டும் கம்பி வரை அவள் பொறுப்பு, முதல் வரிசையில் தனியாகக் குடியிருந்தாள். அவளுக்குச் சமைக்க வராது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யார் வீட்டில் எது விசேஷமாகச் செய்தாலும் ஒரு தூக்குச்சட்டி அவளுக்கும் போகும், போன சட்டி திரும்பி வராது, அதுதான் பிரச்சினை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கிடையாது, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது இரண்டு முருங்கைக்காயாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும், வெறுஞ்சட்டியைக் கொண்டுவந்து நீட்டினால் உங்கள் உறவு எனக்குப் போதும் என்று முகத்தில் அடித்த மாதிரி. போட்டுக் கொடுக்க ஜெசிந்தாவிடம் எதுவும் இருக்காது, வாங்கி வைக்க நேரமும் இருக்காது, ஆகவே எல்லார் வீட்டுச் சட்டியும் அவள் அடுக்களைப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பெண்கள் அதைப் பற்றி ரேஷன் வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் மட்டும் பேசமாட்டாள். நிலக்கரிக் கப்பல் துறையில் கிரேன் ஓட்டுகிற தனிஸ்லாஸின் மனைவி. தனிஸ்லாஸை ஜெசிந்தா அண்ணன் என்பாள், அந்த முறையில் பாக்கியம் அவளுக்கு மைனி. பிள்ளை இல்லாத வீடு, உலை வைக்கும்போதே ஜெசிந்தாவுக்கும் சேர்த்து ஒரு கை அரிசி போட்டுவிடுவாள்.

முதலில் திறந்தவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. கொதிகலன் சூப்பிரண்டு, டர்பைன் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல், அவர் மூன்றாம் வரிசையில் தும்மினால் முதல் வரிசையில் தொட்டில் பிள்ளை எழுந்துவிடும் என்று கேலி செய்வோம். ஐப்பசி பிறந்த சமயம், ஒரு மத்தியானம், வடக்கே ஒரு நிலையத்தில் இருக்கும் பழைய சிநேகிதர் பெயரில் அவருக்கு ஒரு மடல் வந்தது, நீங்கள் கேட்ட வரைபடம் இணைப்பில் உள்ளது, பார்த்துவிட்டுச் சொல்லவும் என்று. அவர் எந்த வரைபடமும் கேட்கவில்லை. கேட்காததையும் ஒருவர் மெனக்கெட்டு அனுப்பியிருக்கிறாரே என்ற மரியாதையில் திறந்தார், திரையில் ஒன்றும் வரவில்லை, விழுங்கிய மாத்திரை திரும்பி மேலேறுவதைப் போலத் தொண்டையில் ஏதோ ஏறி வாய் வழியாக வெளியே போயிற்று, டீ கொண்டுவரச் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவருடைய குரல், அவர் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேர் வாசலிலும் ஒரே சமயத்தில் நின்று, "நான்தான் சங்கரலிங்கம், கதவத் தெறங்க" என்றது.

திறந்தவர்கள் வாசலில் யாரையும் காணவில்லை. அண்ணாச்சி இந்த வயதில் விளையாடுகிறார் என்று சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினார்கள், திரும்பியவர்கள் அதை வீட்டில் சொல்ல வாயெடுத்தபோது அவர்கள் குரலும் இல்லை, அது அண்ணாச்சியின் குரலுக்குப் பின்னாலேயே படியிறங்கிப் போய்விட்டிருந்தது, மறுநாள் தனக்குத் தெரிந்தவர்களின் வாசல்களில் போய் நின்று கூப்பிட்டது. குரலுக்குக் கை கிடையாது என்றாலும் கதவைத் தட்டுகிற ஓசையை அது வாயாலேயே போட்டது, செருப்பைக் கழற்றி வைக்கிற ஓசையைக்கூடப் போட்டது. அதற்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை, கடன் கேட்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை, திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

யார் எப்போது எதைத் திறந்தார்கள் என்று குழுவில் விசாரித்துப் பார்த்து, ஜெசிந்தா முதல் எச்சரிக்கையை எழுதினாள். கேட்காமல் வந்த இணைப்பைத் திறக்காதீர்கள், தெரிந்தவர் பெயரில் வந்தாலும் திறக்காதீர்கள், தெரிந்த குரல் கேட்டாலும் கதவைத் திறக்காதீர்கள். அனுப்பியவர் அதை அனுப்பவில்லை, கூப்பிடுகிறவர் அங்கே இல்லை. இவ்வளவுதான் எழுதினாள், கொதிகலனைப் பற்றி எழுதுகிற அதே வறட்டு நடையில்.

குழுவுக்குக் கோபம் வந்துவிட்டது. தெரிந்தவர் ஆசையாக அனுப்பியதைத் திறக்காமல் தள்ளுவதும், பக்கத்து வீட்டுச் சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுப்பதும் ஒன்றுதான், நம் ஆட்களுக்கு அப்படிப் பழக்கமில்லை என்று சங்கரலிங்கம் அண்ணாச்சியே, பேச்சுப் போனவர், தட்டச்சு செய்து அனுப்பினார். அது மட்டுமா, இணைப்போடு வந்த மடலுக்கு வெறும் பதில் எழுதினால் மரியாதையாக இருக்காது என்று எங்கள் ஆட்கள் பதிலோடு தாங்களும் எதையாவது இணைத்து அனுப்பினார்கள், ஒருவர் முருகன் படம், ஒருவர் பம்ப் கையேடு, ஒருவர் மகளின் சடங்கு அழைப்பு, அந்த இணைப்புகளின் முதுகில் ஏறிக்கொண்டு அந்தச் சனியன் அடுத்த நிலையத்துக்கும் அதற்கடுத்த நிலையத்துக்கும் போயிற்று.

கார்த்திகை பிறப்பதற்குள் குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் பேச்சில்லாமல் இருந்தார்கள், எல்லோரும் அதற்குப் பழகியும் விட்டார்கள். பேச்சு இழந்தவர்கள் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். மாதா கோயிலில் பாட்டுக் குழுவின் தடித்த குரல்கள் எல்லாம் காணாமல் போனதால் பூசை மெலிந்த குரலில் நடந்தது, பாடாத குரல்கள் வாசலுக்கு வெளியே நின்று கதவைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட்டன, சாமியார் கதவைச் சாத்திவிட்டுப் பிரசங்கம் செய்தார். எப்போதும் சண்டை கேட்கிற வீடுகளில் சண்டை நின்றது, ஆனால் நிம்மதி வரவில்லை, போன குரல்கள் ஊர் முழுக்க வாசல் வாசலாக நிற்கும்போது யார் வீட்டு விஷயத்தை எங்கே சொல்லிவைக்குமோ என்று புருஷன் பெண்டாட்டியைப் பார்த்தான், பெண்டாட்டி புருஷனைப் பார்த்தாள். பேசுகிறவனை நம்பக் கூடாது, பேச முடியாதவனை நம்பலாம் என்று ஆயிற்று. மளிகைக்கடையில் ஊமையானவர்களுக்கு மட்டும் முகம் கொடுத்துச் சாமான் நிறுத்தார்கள், வாய்விட்டுக் கேட்டவர்களைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள்.

ஜெசிந்தா சொன்னதை அப்போதுதான் கேட்க ஆரம்பித்தார்கள், கேட்டது கொஞ்சநஞ்சம் இல்லை. கதவிடுக்கில் பழந்துணியைத் திணித்தார்கள், ஜன்னலை ஆணி அடித்து மூடினார்கள், கண் வைத்துப் பார்க்கிற ஓட்டையில் சாணித்தாளை ஒட்டினார்கள், போன் மணியடித்தால் அதன் மேல் தலையணையைப் போட்டார்கள். நிலையத்துக்குள்ளும் குரல்கள் வாக்கி-டாக்கியில் நுழைந்து 'அதைத் திற, இதைத் திற' என்று உத்தரவு போட ஆரம்பித்ததால், மூடு என்று யார் சொன்னாலும் மூடு, திற என்று யார் சொன்னாலும் திறக்காதே என்று எழுதி ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் ஒட்டினார்கள், அந்த வாசகமும் ஜெசிந்தாவுடையதுதான்.

ஆனால் சந்தேகம் என்பது கதவுக்கு வெளியே மட்டும் நிற்கிற சாமான் இல்லை. குரல் போன ஸ்டோர்ஸ் வைகுண்டம் ஒருநாள் குழுவில் எழுதினார்: எல்லாருக்கும் முன்னால் இதைப் பற்றிச் சொன்னது யார், நோய் வருவதற்கு முன்பே மருந்துச்சீட்டு எழுதியது எப்படி, அந்த இணைப்பை அம்மையார் திறந்தே பார்த்ததில்லை என்கிறார்களே, திறக்காமலே உள்ளே இருப்பது கெட்டது என்று எந்த மீட்டரை வைத்து அளந்தார்கள். பேசமுடிந்தவர்கள் அதைப் படித்து வாய்விட்டுச் சொன்னார்கள், பேசமுடியாதவர்கள் தலையை ஆட்டினார்கள். கேண்டீனில் ஜெசிந்தா உட்கார்ந்த மேஜையில் யாரும் உட்காரவில்லை. எல்லோருக்கும் நல்லது சொன்ன ஒருத்தியை இப்படித்தான் நடத்தினோம், அதைப் பூசி மெழுக முடியாது.

அளந்தீர்களா என்ற கேள்வியை அவளால் தாங்க முடியவில்லை. அளக்காமல் ஒரு எண்ணை அவள் எழுதியதே கிடையாது. தானே ஒன்றைத் திறந்து, என்ன ஏறுகிறது, எந்த வழியாகப் போகிறது, போன பின் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்து எழுதிவிடுவது என்று முடிவு செய்தாள். அதற்கு முன்பு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"மைனி, நாளைலேருந்து எனக்குப் பேச்சு இருக்காது. அது வெளிய சுத்தும். ஒங்க வாசலுக்குத்தான் மொதல்ல வரும். நீங்க தெறக்கக் கூடாது."

"ஏட்டி, நீ கூப்பிட்டு நான் எப்படித் தெறக்காம இருப்பேன்?"

"நான் கூப்பிடல. அது கூப்பிடும். அழும் மைனி. எனக்கு அழத் தெரியும்லா, அப்ப அதுக்கும் தெரியும்."

"அந்த வைகுண்டத்துக்காகப் போயி யாராவது சொந்தக் குரலக் கெடுப்பாவளா? அவன் ஸ்டோர்ஸ்ல இருக்க சாமானயே ஒழுங்கா எண்ணத் தெரியாதவன்."

"அவருக்காக இல்ல. நான் சொன்னது சரியான்னு எனக்குத் தெரியணும். நீங்க வாக்குக் குடுங்க."

பாக்கியம் மைனி அவள் தலையில் கைவைத்து வாக்குக் கொடுத்தாள். ஜெசிந்தா தன் குரலால் கடைசியாகப் பேசியது மைனியோடுதான், அந்தக் கடைசிப் பேச்சும் ஒரு எச்சரிக்கையாகத்தான் இருந்தது.

மறுநாள் திறந்தாள், போயிற்று, அளந்ததை எழுதிக் குழுவுக்கு அனுப்பினாள். வைகுண்டம் ஒருவரி மன்னிப்புகூட எழுதவில்லை, இப்போது இவர்கள் குரலே வெளியே திரிகிறதாமே, இவர்கள் எழுத்தை மட்டும் எப்படி நம்புவது என்று எழுதினார். அதுவும் ஒருவிதத்தில் நியாயமாகப் போயிற்று, ஏனென்றால் ஜெசிந்தாவின் குரல் மற்றக் குரல்களைவிடச் சாமர்த்தியமாக இருந்தது, கதவைத் திறங்கள் என்று மொட்டையாகச் சொல்லாமல், "புது எச்சரிக்கை ஒட்டியிருக்கேன், தெறந்து பாத்துருங்க" என்று சொல்லிற்று, எச்சரிக்கைக்குப் பயந்தே சிலர் திறந்தார்கள்.

மைனி திறக்கவில்லை. குரல் போன அன்றே அவள் ஒரு காரியம் செய்தாள், கல்யாணச் சீராக வந்து இதுவரை பெட்டியை விட்டு எடுக்காத வெண்கலத் தூக்குச்சட்டியை எடுத்து, அதில் சோறு வைத்து ஜெசிந்தாவின் கையில் கொடுத்தாள்.

"இது சத்தம் ஓங் குரலுக்குத் தெரியாது, அது போன பொறவுதான இத வெளிய எடுக்கேன். வாரப்ப இதால ரெண்டு தட்டு தட்டு, நீதான்னு தெறக்கேன். திருப்பித் தராத, ஒங்கிட்டயே இருக்கட்டும், தூக்கிட்டு வா, சோத்த வாங்கிட்டுப் போ."

அப்படியே நடந்தது. ஊரில் எல்லாக் கதவும் மூடியிருந்த அந்த நாட்களில், வெண்கலம் இரண்டு தட்டுத் தட்டினால் திறக்கிற ஒரே கதவு பாக்கியம் மைனியுடையது, நாங்கள் இரண்டாம் வரிசையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பொறாமைப்பட்டிருக்கிறோம்.

பொறாமை சும்மா இருக்குமா. ரேஷன் கடையில் ரெபேக்கா, எங்கள் இரண்டாம் வரிசை ரெபேக்கா, எல்லார் முன்னாலும் ஜெசிந்தாவின் முகத்துக்கு நேரே சொன்னாள். "எங்க வீட்டுத் தூக்கு போயி ஒரு வருசம் ஆச்சு, போவட்டும், அது எவர்சில்வர். அந்தப் பாக்கியம் கல்யாணச் சீரு வெண்கலத்தயுமா வாங்கி வச்சிக்கிடணும்? குடுக்கவளுக்கு அறிவு இல்லன்னா வாங்குதவளுக்காவது இருக்கணும்." ஜெசிந்தா கழுத்துச் சிலேட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அங்கேயே சீனி வாங்கினாள், வெண்கலச் சட்டி நிறைய, விளிம்பு தட்டுகிற அளவுக்கு வாங்கினாள், மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் மைனியின் கதவைத் தட்டி, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பாத்திரத்தை முறைப்படி நிறைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மைனிக்குப் பிடிக்கவில்லை. "ஒன்ன யாரு இதத் தரச் சொன்னா? எவ என்ன சொன்னா?" என்று சட்டியைத் திருப்பி நீட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். சீனியை உள்ளே கொட்டிவிட்டுக் கொடுத்தால் வெறுஞ்சட்டியாக அல்லவா இருக்கும், அதை எப்படி ஒரு பெண்ணின் கையில் கொடுப்பது. "சரி, இந்தச் சீனியிலயே பாயசம் வச்சுத் தாரேன். நீ சாயங்காலம் வாரப்ப நான் வாசல்லயே நிக்கேன், சட்டியக் கையில வாங்கிட்டுப் போ" என்று உள்ளே கொண்டுபோனாள். ஒரு பகல்தானே என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

அடைமழை அப்போது வாரக்கணக்கில் பெய்துகொண்டிருந்தது. சாம்பல் குளம் ஏறிக்கொண்டே வந்தது, அன்று காலையில் கன்ட்ரோல் ரூமிலிருந்து ஷிப்டு அதிகாரி, நிஜமான அதிகாரி, தன் நிஜமான தொண்டையால், மதகைத் திற என்று வாக்கி-டாக்கியில் சொன்னார், மதகுக்காரர் பக்கத்தில் ஒட்டியிருந்த வாசகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு மதகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார். அதிகாரி கத்தினார், கெஞ்சினார், கெட்ட வார்த்தை சொன்னார். மதகுக்காரர் எதற்கும் அசையவில்லை, குரல் இவ்வளவு நன்றாகத் திட்டுகிறதே என்று வியந்தார். மத்தியானம் மழை கொஞ்சம் விட்டபோது ஜெசிந்தா நீர்மட்டம் பார்க்கக் கரைக்கு வந்தாள், மட்டக்கம்பி முழுவதுமாகத் தண்ணீருக்குள் இருந்தது. கரையின் அடியில், முதல் வரிசை வீடுகளின் கொல்லைப்புறத்தில், சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. சிலேட்டில் திற என்று எழுதி மதகுக்காரரிடம் காட்டினாள், பேசாத ஆள் சொன்னதால் அவர் உடனே திறந்தார், ஆனால் அவ்வளவு தண்ணீருக்கு அந்த மதகு போதாது, ஊற்று நிற்கவில்லை. சங்கு ஊதச் சொல்லலாம் என்றால், கரண்ட் காலையிலேயே போயிருந்தது.

ஓடிவந்து முதலில் மைனியின் கதவைத்தான் தட்டினாள். கையால் தட்டினாள், காலால் உதைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் படியில் நின்று அவளுடைய குரலும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, "மைனி, தெறங்க, நான்தான்" என்று, தினமும் அது அங்கே வருவதுதான். உள்ளேயிருந்து மைனி கோபமில்லாமல், வேலைக்கு நடுவே பதில் சொல்கிற மாதிரி சொன்னாள்: "நீ யாருன்னு எனக்குத் தெரியும். போ. அவ வந்தா எனக்குத் தெரியாதாக்கும்."

ஜெசிந்தா தன் வீட்டுக்குள் ஓடி, பலகையிலிருந்து கைக்கு வந்த சட்டியை எடுத்துவந்து அதால் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளே அடுப்படியில் கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மைனி சிரித்தாள். "அது ரெபேக்கா வீட்டு எவர்சில்வர்லா. எஞ் சட்டி எங்கிட்ட அடுப்பு மேல இருக்கு. நல்லா ஏமாத்தப் பாக்க."

கதவின் மேல் தலையை வைத்து நின்ற ஜெசிந்தாவுக்கு அப்போதுதான் அது தோன்றியது. ஒவ்வொரு வீட்டுக்காரிக்கும் தன் வீட்டுச் சட்டி தெரியும், எல்லார் வீட்டுச் சட்டியும் தன்னிடம் இருக்கிறது. நிலக்கரிச் சாக்கு ஒன்றில் அத்தனையையும் அள்ளிப் போட்டு முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒவ்வொரு வாசலிலும் அந்தந்த வீட்டுச் சட்டியை எடுத்து, மூடியைக் கழற்றி, கதவின் மேல் வீசி எறிந்தாள், அது உருண்டு வாசலில் கவிழ்ந்து கிடந்து அதிர்ந்தது, உள்ளே இருந்தவள் காதில் முதலில் சட்டியின் சத்தம் விழுந்தது, அடுத்த நொடி அதில் ஒன்றும் இல்லை என்பது விழுந்தது.

நம்பிக்கையால் எந்தக் கதவும் திறக்கவில்லை, ஆத்திரத்தால்தான் அத்தனையும் திறந்தன. வருஷக்கணக்கில் வைத்திருந்துவிட்டு வெறுஞ்சட்டியாக, அதுவும் எறிந்து, திருப்பிக் கொடுக்கிற ஒருத்தியைக் கேட்காமல் விடக் கூடாது என்று துணியைப் பிடுங்கிப் போட்டு, தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தோம், ஏமாற்ற வருவது எதுவும் வெறுஞ்சட்டியோடு வராது, நிறைத்துக்கொண்டுதான் வரும். ரெபேக்கா கையில் அகப்பையோடு வந்து, "நாலு பேரு முன்ன சொன்னேன்னு தூக்கி எறிவியோ?" என்று ஆரம்பித்தவள், ஜெசிந்தாவின் கழுத்திலிருந்த சிலேட்டைப் படித்தாள். கரை உடையுது, கரிமேட்டுக்கு ஓடுங்க. படித்துவிட்டுத் தெருவைப் பார்த்தாள், சாம்பல் தண்ணீர் கணுக்காலுக்கு வந்திருந்தது. ரெபேக்காவுக்குப் பேச்சு இருந்தது, ஆனால் அவள் கத்தவில்லை, கத்தினால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும், சாக்கில் கைவிட்டு அடுத்த வீட்டுச் சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

மைனி வீட்டைத் தவிர மூன்று வரிசையும் காலியாயிற்று. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிழவர்களை முதுகில் சுமந்துகொண்டு, அத்தனை பேரும் நிலக்கரி குவித்திருந்த மேட்டுக்கு ஏறினார்கள், ஏறும்போதும் திட்டிக்கொண்டேதான் ஏறினார்கள். சாக்கில் சட்டி தீர்ந்தது. ஜெசிந்தா சங்கரலிங்கம் அண்ணாச்சியின் சட்டையைப் பிடித்து இழுத்து மைனி வீட்டுப் பக்கம் கைகாட்டினாள், அவர் ஒரு கடப்பாரையை எடுத்தார், அவரோடு ஜெசிந்தாவும் ஓடினாள், வைகுண்டமும் ஓடினார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

கதவுக்கு முன்னால் அவள் குரல் இன்னும் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. கடப்பாரை முதல் அடி விழுந்ததும் உள்ளேயிருந்து மைனி சொன்னாள், இந்தத் தடவை கொஞ்சம் பயந்த குரலில், "கதவ ஒடச்சாலும் நான் வரமாட்டேன். எம் பிள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேன்." அவளுக்குப் பிள்ளை கிடையாது என்பதை முன்பே சொல்லியிருக்கிறேன். இரண்டாவது அடி விழுந்தபோது கரை போயிற்று.

மூன்று பேரையும் தண்ணீர் கரிமேட்டின் அடிவாரத்தில் கொண்டுபோய்ப் போட்டது, உயிரோடு இருந்தார்கள். முதல் வரிசை வீடுகளில் சுவர் கூட மிஞ்சவில்லை. பாக்கியம் மைனியை மறுநாள் சாம்பல் சேற்றிலிருந்து எடுத்தோம், முந்தின நாள் துறையில் கிரேனில் இருந்த தனிஸ்லாஸ் அவள் முகத்துச் சேற்றைத் தன் துண்டால் துடைத்தார்.

கதவுகள் போய்விட்டதால் குரல்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. கரிமேட்டில் மழையில் உட்கார்ந்திருந்த எங்களைத் தேடி அவை ஒவ்வொன்றாக வந்தன. அப்போதும் நாங்கள் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை; ஆளாளுக்கு வெறுஞ்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு, தன் குரலைத் தானே விசாரித்து, அதட்டி, காக்கவைத்துத்தான் சேர்த்துக்கொண்டோம். வைகுண்டம் தன் குரலை இரண்டு நாள் வெளியே நிறுத்திவைத்தார்.

ஜெசிந்தாவின் குரல் மட்டும் வரவில்லை. முதல் வரிசை இருந்த இடத்தில் இப்போது சாம்பல் காய்ந்து வெடித்துக் கிடக்கிறது, நடுவில் மைனி வீட்டு நிலைச்சட்டம் மட்டும் கதவில்லாமல் நிற்கிறது, அதற்கு முன்னால் நின்று அந்தக் குரல் தினமும் சாயங்காலம், "மைனி, தெறங்க, நான்தான்" என்று கூப்பிடுகிறது. அதை அழைத்துவரலாமே என்று ரெபேக்கா கேட்டதற்கு ஜெசிந்தா சிலேட்டில் எழுதினாள்: அது பொய் சொல்லவில்லை, கூப்பிடட்டும்.

சேறு வாரும்போது வெண்கலத் தூக்குச்சட்டி கிடைத்தது. மூடி இறுக்கி, கைப்பிடியை மேலே இழுத்து மாட்டி, கொடுப்பதற்குத் தயாராக இருந்தது, கையில் தூக்கினால் கனத்தது. தனிஸ்லாஸ் அதைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஜெசிந்தாவின் புது வீட்டுக்குப் போனார். கூப்பிடவில்லை. சட்டியால் கதவில் இரண்டு தட்டுத் தட்டினார். வெகுநேரம் கதவு திறக்கவில்லை. பிறகு திறந்தது.

"ஒனக்குன்னு வச்சது தாயி," என்று நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சட்டி இப்போது அவள் அடுக்களைப் பலகையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. இதுவரை அவள் அதைத் திறக்கவில்லை. பயத்தினால்தான் என்று வைகுண்டம் சொல்கிறார், எச்சரித்தவளுக்கே பயம் போகவில்லை பாருங்கள் என்கிறார். அதெல்லாம் இல்லை. திறந்தால் சாப்பிட வேண்டும், சாப்பிட்டால் கழுவ வேண்டும், கழுவினால் எதையாவது நிறைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதைக் கொண்டுபோய் எந்த வாசலில் நிற்பாள் அவள்.